குடிக்காதவரின் கணையம்

பஞ்சநதம் குடித்ததில்லை. இதை யாரும் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட வந்தவரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். இருமல் மருந்து வாங்கினால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கடைப்படி இறங்குவார். இதற்குப் பின்னால் பெரிய கதை ஒன்றும் கிடையாது. அவர் அப்பா குடிகாரர் அல்ல. யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவும் இல்லை. வாலிபத்தில் ஒருமுறை அந்த வாடை பிடிக்கவில்லை. நாளடைவில் அது கொள்கையாகிவிட்டது.

ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையில். கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. ஆனாலும் அவரை விவசாயி என்று யாரும் சொல்வதில்லை. மெஷின்காரர் என்பார்கள். அவரிடம் மெஷின் எதுவும் கிடையாது. அறுவடைக் காலத்தில் ஆத்தூர்ப் பக்கமிருந்து லாரியில் ஏறி வரும் அறுவடை இயந்திரங்களைப் பேசி அழைத்து வந்து, யார் வயல் முதலில், யார் வயல் பிறகு என்று முறை போட்டு விடுவதுதான் அவர் வேலை. சுலபமான வேலை மாதிரி தெரியும். உள்வயல் எவ்வளவு முற்றியிருந்தாலும் முன்வயல் அறுபட்டால்தான் வண்டி உள்ளே போக முடியும். முன்வயல்காரனுக்கும் உள்வயல்காரனுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. இந்த ஊரில் இருபது வருஷமாக முறை போட்டும் பஞ்சநதத்தின் மேல் யாரும் கை வைக்கவில்லை என்றால் அது அவருடைய நேர்மைக்குச் சாட்சி.

இரண்டு விதிகள் வைத்திருந்தார். குடித்துவிட்டு வரும் டிரைவர் அன்று வண்டியில் ஏறக் கூடாது. குடித்துவிட்டு வரப்பில் வந்து நிற்பவனின் வயல் வரிசையில் கடைசிக்குப் போய்விடும்.

சாயங்கால அறுப்புக்கு வந்து நின்று இரண்டாவது விதிக்கு ஆண்டுதோறும் ஆளானவர் மருதையன். பஞ்சநதத்தின் மனைவி ஈஸ்வரிக்கு அண்ணன். ஊரின் பொறுப்பான குடிகாரர். கடை திறந்த பிறகுதான் போவார், விழுந்து கிடக்கமாட்டார், வீட்டுக்கு வழி கேட்கமாட்டார். அவரைக் கண்டால் பஞ்சநதம் பேச ஆரம்பித்துவிடுவார். ஈரல், குடல், குடும்பம், மானம் என்று வரிசையாகப் போகும். மருதையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி மாப்ள, நேரமாச்சு" என்று கிளம்புவார்.

பஞ்சநதத்துக்கு நாற்பதை ஒட்டி வலி வந்தது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகு வரை துளைத்துக்கொண்டு போகிற வலி. முன்னால் குனிந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சற்றுக் குறையும். வரப்பில் அப்படி உட்கார்ந்திருந்தவரைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள், கதிரில் மணி எண்ணுகிறார் என்று நினைத்தார்கள். வயிற்றில் கேஸ் என்று அவர் சொன்னார். இரண்டு வருஷம் கேஸாகவே இருந்தது. இஞ்சி, சீரகம், பெருங்காயம் எல்லாம் ஆயிற்று. வேட்டி இடுப்பில் நிற்காமல் போனபோதுதான் ஈஸ்வரி அவரைத் தஞ்சாவூருக்கு இழுத்துப் போனாள்.

ஸ்கேனில் கணையம் முழுக்கக் கல். நடுவில் ஓடும் குழாய் அடைத்து வீங்கியிருந்தது. நாள்பட்ட கணைய அழற்சி என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு கேள்வி.

"குடிப்பீங்களா?"

"கிடையாதுங்க."

"எப்ப நிறுத்துனீங்க?"

"ஆரம்பிக்கவே இல்லீங்க."

டாக்டர் ஈஸ்வரியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். டாக்டரும் பரிவாகத் தலையை ஆட்டினார். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தப் பரிவைப் பொறுக்க முடியவில்லை பஞ்சநதத்தால். ஆஸ்பத்திரியை மாற்றினார். திருச்சிக்குப் போனார். அங்கேயும் அதே கேள்வி, அதே பரிவு.

ஊருக்குச் செய்தி போனதும் மருதையன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மாப்ள, கணையத்துல கல்லுன்னா குடிச்சாத்தான் வருமாமே. எங்களுக்குத் தெரியாம எங்க போய்க் குடிச்ச?"

"மச்சான், நான் வலியில இருக்கேன்."

"அது சரி. முப்பது வருஷமா நாங்க பாடுபட்டுக் குடிக்கிறோம். வியாதி மட்டும் உனக்கா? இதுலயும் முன்வயலு உன்னுதுதானா?"

ஈஸ்வரி சிரித்துவிட்டாள். பஞ்சநதம் அன்று சாப்பிடவில்லை. வலியால் அல்ல.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர் ஒரு காரியம் செய்தார். மருதையனைச் சாட்சிக்கு அழைத்துப் போனார். ஊரில் யார் குடிக்கிறார்கள், யார் குடிக்கவில்லை என்பதை அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்? மருதையனும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அன்று பார்த்தவர் ஓர் இளம் டாக்டர்.

"சார், நான் தினம் குடிக்கிறவன். எங்க ஊர்ல குடிக்கிற அத்தனை பேரையும் எனக்குத் தெரியும். இவரு எங்களோட ஒரு நாள்கூட உக்காந்ததில்லை" என்றார் மருதையன்.

இளம் டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேர்ந்தே நிறுத்திடுங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் துணையா இருக்கும்" என்றார்.

போதாததற்கு மருதையனையும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்தார்கள். ஈரல், கணையம், பித்தப்பை எல்லாம் சுத்தம். சின்னப் பிள்ளைக்கு இருப்பதுபோல் இருக்கிறது என்றார் ஸ்கேன் எடுத்தவர். அந்தப் படத்தை மருதையன் டீக்கடையில் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு வாரம் காட்டினார்.

வாய் வழியாகக் குழாய் விட்டு, கணையக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறு மாதம் நன்றாக இருந்தது. ஈஸ்வரி குழம்பில் மறுபடி எண்ணெய் ஊற்றினாள். பிறகு அடைத்துக்கொண்டது. இன்னொன்று வைத்தார்கள். அதுவும் அடைத்துக்கொண்டது. இனி ஆபரேஷன்தான், மாளவிகா என்ற டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினார்கள்.

மாளவிகாவுக்கு நாற்பது வயதிருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு, மேஜைமேல் கிடந்த ஒரு தாளை இழுத்து, நீளமாக ஒரு கோடு போட்டார்.

"நீங்க விவசாயம்தானே? இதை ஒரு வாய்க்கால்னு வெச்சுக்குங்க..."

"வாய்க்கால் வேண்டாம்மா" என்றார் பஞ்சநதம். "இதுக்கு முன்னாடி பாத்த மூணு டாக்டரும் வாய்க்கால்தான் சொன்னாங்க. ஒருத்தர் மதகுகூட வெச்சார். நேராவே சொல்லிடுங்க."

மாளவிகா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். நேராகவே சொன்னார். வயிற்றைத் திறந்து, கணையக் குழாயை நீளவாக்கில் கீறி, கல்லை எல்லாம் எடுத்துவிட்டு, தலைப்பகுதியில் கெட்டுப்போனதைக் குடைந்தெடுத்து, அதன்மேல் சிறுகுடலைக் கொண்டுவந்து தைப்பது. பெரிய ஆபரேஷன். ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

"கல்லு ஏம்மா வந்துச்சு?"

"நிறையப் பேருக்குக் குடியால. சில பேருக்கு ஏன்னே தெரியாம வரும். நம்ம பக்கம் அது கொஞ்சம் ஜாஸ்தி. நீங்க குடிக்கிறதில்லைன்னு போட்டிருக்கு, அப்ப உங்களுக்கு அந்த வகைதான்."

பஞ்சநதத்தின் முகம் மலர்ந்தது. பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது ஈஸ்வரியிடம், "நல்ல டாக்டர்" என்றார்.

"ஆபரேஷன் பண்ணணும்ங்கிறாங்க."

"அதுக்கு அப்புறம் சொன்னதைக் கேட்டியா?"

"கேட்டேங்க. ஆபரேஷனை என்ன பண்றது?"

"அது பாத்துக்கலாம்."

பார்த்துக்கொண்டே ஒரு வருஷம் போயிற்று. குறுவை அறுவடை முடியட்டும் என்றார். முடிந்தது. சம்பா நடவு முடியட்டும் என்றார். நடவுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று ஈஸ்வரி கேட்டாள். அவர் வேலையே அறுவடைதானே. அப்புறம் மழை நிற்கட்டும், பொங்கல் போகட்டும். ஊருக்கெல்லாம் முறை போடுகிறவர் தன் வயிற்றை மட்டும் வரிசையில் பின்னால் தள்ளிக்கொண்டே போனார்.

பயம்தான். அதை அவர் பயம் என்று சொல்லவில்லை. "வயித்தைக் கிழிச்சா ஊர் என்ன சொல்லும்? குடிச்சுக் கெட்டுட்டான்னுதான் சொல்லும்" என்றார்.

"செத்தா மட்டும் என்ன சொல்லுமாம்?" என்றாள் ஈஸ்வரி.

இதற்கிடையில் ஊசி வந்தது. கடைத்தெருவில் ஒருவர் வலிக்கு ஊசி போட்டுவந்தார். முதலில் தாங்க முடியாத நாளில் மட்டும். பிறகு தாங்க முடியாத நாள் அடிக்கடி வந்தது. பிறகு, வலி வந்துவிடுமோ என்று முன்கூட்டியே. விடிந்ததும் சைக்கிளை எடுத்துவிடுவார். ஊசி போட்டுக்கொண்டு வரும்போது முகம் தெளிந்து, எல்லோரிடமும் நின்று குசலம் விசாரிப்பார். மதியத்துக்கு மேல் எரிந்து விழுவார். அறுவடைக்கு வந்த டிரைவர் காத்தான், "அண்ணன்கிட்ட எது கேக்கணும்னாலும் காலையிலயே கேட்டுடணும்" என்று மற்றவர்களுக்குச் சொல்லிவைத்தான்.

மாசி தொடக்கத்தில் அது நடந்தது. அன்று காலை முதல் வயல் மாப்பிள்ளை சம்பா, சிவப்பு நெல். அதை ஒட்டிய அடுத்த வயல் ஜெக்கரியாவுடையது. ஜெக்கரியா விதை நெல் போடுகிறவர். நடவிலிருந்து கதிர் வரை வயலில் இறங்கி, கலப்புப் பயிர் ஒவ்வொன்றையும் கையால் பிடுங்கி எறிவார். ஒரு ரகம் அறுத்த வண்டி இன்னொரு ரகத்துக்குள் போகும் முன்னால், உள்ளே தங்கிய மணியெல்லாம் உதிர்ந்து வெளியே வரும்வரை காலியாக ஓட்டிச் சுத்தம் செய்தாக வேண்டும். விதை வயல் என்றால் டிரைவரை நம்பாமல் பஞ்சநதமே பக்கத்தில் நிற்பார். உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்ப்பார். இருபது வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அன்று அவர் பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தார். வெயில் இதமாக இருந்தது. காத்தான் வண்டியிலிருந்தபடியே, "போலாமாண்ணே?" என்று கத்தினான். பஞ்சநதம் கையை உயர்த்தினார். எதற்காக உயர்த்தினார் என்று அவருக்கே பிறகு நினைவில்லை. வண்டி நேராக விதை வயலுக்குள் இறங்கியது.

டிராக்டரில் கொட்டிய நெல்லில் ஜெக்கரியா ஒரு கை அள்ளினார். உள்ளங்கையில் விரித்துப் பார்த்தார். இங்கும் அங்குமாகச் சிவப்பு. அவர் கோபப்படுகிற மனிதர் அல்ல. அதனால்தான் அவருக்கு எதிரே நிற்பது கஷ்டம்.

"விதைக்கு ஆகாதுங்க பஞ்சநதம்" என்றார். "சாப்பிட்டுத்தான் தீக்கணும். நல்லாத்தான் இருக்கும், பிரிஞ்சி மாதிரி."

காத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பஞ்சநதம் அவனைத் திட்ட வாயெடுத்தார். தான் கையை உயர்த்தியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். வாயை மூடிக்கொண்டார். அதற்குள் மருதையன் தன் வயலிலிருந்து வரப்பேறி வந்துவிட்டார். பகலில் எப்போதும்போல் தெளிவாக இருந்தார். நெல்லை அவர் பார்க்கவில்லை. பஞ்சநதத்தின் முகத்துக்கு அருகே தன் முகத்தைக் கொண்டுவந்தார்.

"மாப்ள, கண்ணைக் காட்டு."

"ஒண்ணுமில்ல மச்சான். வலிக்கு ஊசி போட்டிருக்கேன்."

"நானும் வலிக்குத்தான் போடுறேன்."

யாரும் சிரிக்கவில்லை. மருதையனும் சிரிக்கவில்லை.

"காத்தான் இப்படி வந்திருந்தா என்ன பண்ணுவ?"

பஞ்சநதம் வண்டியைப் பார்த்தார். "இறக்கி விட்டிருப்பேன்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வழியில் இரண்டு இடத்தில் குனிந்து உட்கார வேண்டியிருந்தது.

வீட்டில் செல்போனை ஈஸ்வரியிடம் கொடுத்தார். "நாளையிலேருந்து முறை நீ போடு. வரிசை உனக்குத் தெரியும்."

"எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள். போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, நாள்கணக்காக மனதில் வைத்திருந்ததைச் சொன்னாள். "எங்க அண்ணனைச் சொல்றீங்களே, அவன் சாயங்காலம் கடைக்குப் போற நேரத்துலதான் தவிப்பான். நீங்க விடியறப்பவே தவிக்கிறீங்க. படுக்கையிலேருந்து எந்திரிக்கும்போது என் மூஞ்சைக்கூடப் பாக்குறதில்ல. செருப்பு எங்கன்னுதான் பாக்குறீங்க."

அவர் மறுக்கவில்லை. மறுப்பார் என்று காத்திருந்த ஈஸ்வரிக்கு அதுதான் அழுகையை வரவழைத்தது.

அந்த வாரமே இருவரும் மாளவிகாவிடம் போனார்கள். டாக்டர் வாயைத் திறக்கும் முன்னாலேயே பஞ்சநதம் சொல்லிவிட்டார்.

"அம்மா, எனக்கு ஒரு பழக்கம் இருக்கு. ஊசி. தினமும். சில நாள் ரெண்டு தடவை."

மாளவிகா பரிவாகத் தலையை ஆட்டவில்லை. என்ன ஊசி, எத்தனை நாளாக, எவ்வளவு என்று மட்டும் கேட்டார். இந்த வியாதியில் நிறையப் பேருக்கு நேர்வதுதான் என்றார்.

"ஆபரேஷன் பண்ணிக்காம இப்படியே விட்டா என்னம்மா ஆகும்?"

"சில பேருக்கு வருஷக்கணக்குல கணையம் கெட்டு முடிஞ்ச பிறகு வலி தானா அடங்கும். உங்களுக்கு எப்ப அடங்கும்னு நான் சொல்ல முடியாது. அடங்காமலும் போகலாம். அதுவரைக்கும் ஊசி கூடிக்கிட்டுத்தான் போகும்."

"பண்ணிக்கிட்டா?"

"நூறு பேர்ல எழுபது, எண்பது பேருக்கு வலி நல்லாக் குறையுது. மீதிப் பேருக்கு அவ்வளவாக் குறையிறதில்லை. ஒண்ணு ரெண்டு பேருக்கு ஆபரேஷனே ஆபத்தா முடியலாம், அதையும் சொல்லிடறேன். போன கணையம் திரும்ப வராது. சர்க்கரை எப்படியும் வரலாம். சாப்பாட்டோட காப்ஸ்யூல் ஆயுசுக்கும் போடணும்."

ஈஸ்வரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அப்படிப் பிடிக்கிறவள் அல்ல.

"ஆபரேஷன் நடக்கிற நேரம் பூரா நான் மயக்கத்துலயே இருப்பேனா?"

"முழு மயக்கம். ஒண்ணும் தெரியாது."

"பாதி மயக்கத்துல நின்னுக்கிட்டு இன்னொருத்தர் விதையைக் கெடுத்துட்டேன்மா" என்றார் பஞ்சநதம். "அதுக்கு ஒரு நாள் முழு மயக்கத்துல படுத்துக்கிறது மேல். பண்ணிடுங்க."

உடனே பண்ண முடியாது என்றார் மாளவிகா. ஊசியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மாத்திரைக்கு மாற வேண்டும். சர்க்கரை வந்திருக்கிறதா என்று பார்த்து, உடம்பில் கொஞ்சம் சதை ஏற்ற வேண்டும். பங்குனியில் வாருங்கள். வீட்டில் யாராவது கூடவே இருக்க வேண்டும். முதல் வாரம் படுத்தும்.

ஈஸ்வரியால் கூடவே இருக்க முடியவில்லை. சம்பா அறுவடை உச்சத்தில் இருந்தது. அவள் போட்ட முறையில் முதல் நாளே நான்கு பேர் சண்டைக்கு வந்தார்கள். நான்கு பேரையும் ஒரே நேரத்தில் வரச்சொல்லி, வாசலில் நிற்க வைத்து, அவர்களையே ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது வாசல் காலியாக இருந்தது. இந்த யோசனை தனக்கு ஏன் தோன்றவில்லை என்று பஞ்சநதம் படுக்கையில் கிடந்தபடி வெகுநேரம் யோசித்தார்.

கூட இருக்க வந்தவர் மருதையன். யாரும் கூப்பிடவில்லை. மாலையில், கைகால் குடைச்சல் எடுத்து, வியர்த்து, பஞ்சநதம் கொல்லைக்கும் கூடத்துக்குமாக நடக்கத் தொடங்குகிற நேரத்தில் வந்து சேர்வார். அது அவர் வழக்கமாகக் கடைக்குக் கிளம்பும் நேரம். வாடையோடு வந்தால் நிலைப்படி தாண்டக் கூடாது என்று தங்கை சொல்லியிருந்ததால் குடிக்காமல் வருவார். அதனால் அவர் கையும் லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். கொல்லையில், மாட்டுத்தொட்டிக்கு அருகே, இரண்டு நாற்காலியில் இருவரும் உட்காருவார்கள்.

"மணி என்ன மச்சான்?"

"மணி கேக்காத. கேட்டா நீளும்."

"சைக்கிள் சாவி எங்க?"

"உன் பொண்டாட்டி இடுப்புல. போய்க் கேளு, தைரியம் இருந்தா."

பஞ்சநதம் குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டார். வலியா, ஊசி கேட்கிற உடம்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மருதையன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாதிரி நேரத்துல எதையாவது திட்டணும் மாப்ள. எதையாவது பிடிச்சுக்கிட்டு ஒரே மூச்சாத் திட்டினா கொஞ்சம் தள்ளிப் போகும். என்னையே திட்டு. உனக்குத்தான் மனப்பாடமாச்சே. ஈரல்லேருந்து ஆரம்பி."

பஞ்சநதம் நிமிர்ந்தார். ஆரம்பித்தார். ஈரல் வந்தது. குடலுக்குப் போகும் வழியில் நின்றுவிட்டார்.

"இந்தத் தவிப்பைத் தினமும் எப்படி மச்சான் தாங்குற?"

"நான் எங்க தாங்குறேன்?" என்றார் மருதையன். "போயிடுறேன்."

பஞ்சநதத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு இழுத்துக்கொண்டு வலித்தது. வலித்தாலும் நிறுத்த முடியவில்லை. மருதையனும் சிரித்தார். மாடு தொட்டியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. சத்தம் கேட்டுக் கஞ்சிச் சொம்போடு வந்த ஈஸ்வரி, இரண்டு பேர் முகத்தையும் சந்தேகமாகப் பார்த்தாள். குனிந்து முதலில் அண்ணன் வாயை முகர்ந்தாள். பிறகு புருஷன் வாயையும்.